கரும்பலகையில் இருந்தது அவள் பேச்சு

இதை எழுதச் சொன்னது என் மனைவி. நிபந்தனைகளும் போட்டாள். அவள் பேசியதில் நான்கை மட்டும் எழுதலாம், ஐந்தாவதை எழுதக் கூடாது. நான் செய்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். முடித்ததும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். "படிக்கிறவங்க யாரும் உங்களைப் பெரிய மனசுன்னு சொல்லிடக் கூடாது. அப்படி எழுதுங்க," என்றாள். அந்தப் 'பெரிய மனசு' எங்கிருந்து வந்தது என்பது போகப்போகத் தெரியும்.

அவள் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள், இருபத்திரண்டு வருடமாக. கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை அது. ஒரு பக்கம் ஆளுயரத் துவைக்கும் இயந்திரங்கள், மறு பக்கம் விரிப்புகளை இழுத்து இஸ்திரி போட்டு வெளியே தள்ளும் பெரிய உருளை. வெளியே வரும் விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிப்பார்கள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை அப்படி நடக்கிறாள். அவளோடு மடிக்கும் அம்மாளை வீட்டில் 'எதிர்முனை' என்றுதான் சொல்வோம். நான் அந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவருடைய மூட்டுவலி, மருமகள், தொலைந்து தொலைந்து கிடைக்கும் மூக்குக்கண்ணாடி எல்லாம் எனக்கு அத்துப்படி.

என் மனைவி எட்டாம் வகுப்போடு நின்றவள். புத்தகம் படிக்க மாட்டாள், பாட்டு முணுமுணுக்க மாட்டாள், நாலு பேர் கூடிய இடத்தில் வாயையே திறக்க மாட்டாள். ஆனால் வீட்டில் கை ஏதாவது வேலையில் இருக்கும்போது, யாரிடம் என்றில்லாமல் ஒன்று சொல்வாள். "என்ன சொன்ன?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, அந்த வெங்காயத்தை எடுங்க" என்பாள். ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொன்னதே கிடையாது.

ஒரு நாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "மழை பெஞ்சா எல்லா மாடியும் ஒரே மாதிரிதான் நனையுது. வெயில் அடிச்சாத்தான் யார் வீட்டுல என்ன காயுதுன்னு தெரியுது."

நான் பக்கத்தில் நின்று கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அப்போது அது எனக்குள் இறங்கவே இல்லை. மறுநாள் வேலைக்குப் போன பிறகுதான் இறங்கியது, அதுவும் தேவைப்பட்டதால்.

நான் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது என்று குறிப்பது என் வேலை. என் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை உண்டு. அன்றைய வண்டி மாற்றங்களை அதில் எழுதிவிட்டு அடியில் ஒரு பொன்மொழியும் எழுத வேண்டும் என்பது யாரோ எப்போதோ போட்ட ஏற்பாடு. நாட்காட்டியைப் பார்த்துப் பொறுமை, சிக்கனம், நேரம் தவறாமை என்று எதையாவது எழுதி வைப்பேன். ஒருத்தராவது அதைப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

எட்டு வருடத்துக்கு முன் அந்தக் காலையில் நாட்காட்டியின் தாளை யாரோ கிரீஸ் கை துடைக்கக் கிழித்துவிட்டிருந்தார்கள். சுண்ணக்கட்டியும் கையுமாக முழித்துக்கொண்டு நின்றேன். மொட்டை மாடி ஞாபகம் வந்தது. எழுதிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்டக்டர் டீ கிளாஸோடு பலகை முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை. அவருடைய டீ ஆறிப்போனது.

"சார், இதை எங்க புடிச்சீங்க?"

"சும்மா, தோணுச்சு," என்றேன்.

எல்லாக் கேடும் அந்த இரண்டு வார்த்தையில் ஆரம்பித்தது. 'வீட்டுல சொன்னாங்க' என்பதும் இரண்டு வார்த்தைதான். அதைச் சொல்ல வாய் வலித்திருக்காது.

மறு வாரமே நான் கவிஞர் ஆகிவிட்டேன். "கவிஞரே, இன்னிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டுதான் வண்டி எடுத்தார்கள். இருபது வருடமாக என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர்கள் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். மனிதனுக்கு இது போதாதா, தலை கனத்துப் போவதற்கு? கூட்டங்களில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினேன்.

அதன் பிறகு வீட்டில் என் காது வேறு காதாகிவிட்டது. அவள் வேலையாக இருந்தால் பக்கத்திலேயே சுற்றுவேன். "என்ன, இப்பல்லாம் சமையக்கட்டை விட்டு நகர மாட்டேங்கறீங்க?" என்று சிரிப்பாள். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் புருஷனுக்குப் பிரியம் வந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ. அதை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது.

இலை உதிரும் மாதத்தில் தெருவில் நடந்துகொண்டே சொன்னாள்: "மரத்துலேருந்து விழறப்ப இலை ஒண்ணுமே சொல்றதில்ல. நாம மிதிக்கறப்பதான் சத்தம் போடுது."

வேலை முடிந்து வந்து கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: "படுத்துப் படுத்துக் கிழிஞ்ச விரிப்பைவிட, மடிச்சு மடிச்சுக் கிழிஞ்சதுதான் ஜாஸ்தி. பத்திரமா வச்ச இடத்துலதான் விட்டுப்போகுது."

எங்களுக்குள் பெரிய சண்டை நடந்து மூன்று நாள் முகம் பார்க்காமல் இருந்தபோது, நான் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பியதும் என் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "கோவத்துலகூட எனக்கு டீயை ஆத்தித்தான் குடுக்குறீங்க."

இவற்றையும் இவை போன்ற இன்னும் பலதையும் அப்படியே எழுதினேனா என்றால் அதுவும் இல்லை. அவள் பேச்சுக்கு இஸ்திரி போட்டேன். டீயைத் தேநீர் ஆக்கினேன், கடைசியில் 'அதுவே காதல்' என்று ஒட்டுப் போட்டேன். இலைக்கு முன்னால் 'வாழ்க்கையெனும் மரத்தில்' என்று சேர்த்தேன். என் சொந்தச் சரக்கு என்றால் அந்த ஒட்டுகள் மட்டும்தான். இப்போது படித்தால் அவைதான் அசட்டுத்தனமாக இருக்கின்றன. மூன்று நாள் சண்டையை முடித்துவைக்க அவள் எனக்கென்று சொன்னதைத் தூக்கி டிப்போவுக்கு விநியோகம் செய்தவன் நான். அவள் சொன்னதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை.

அவள் டிப்போ பக்கம் வந்ததில்லை. என்ன எழுதுகிறேன் என்று கேட்டபோது, "ஏதோ பொன்மொழி" என்று சொல்லி வைத்தேன்.

இனி ஐந்தாவது.

எங்களுக்கு ஒரு பெண் இருந்தாள். ஏழு வயதில், ஒன்பது நாள் காய்ச்சலில், என் மனைவி வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் போய்விட்டாள். பதினொரு வருடமாகிறது. ஒரு மாதம் கழித்து என் மனைவி வேலைக்குத் திரும்பினாள். குழந்தைகள் வார்டின் விரிப்பு வந்தால் எதிர்முனை அம்மாள் சத்தமில்லாமல் அதை வேறு மேசைக்கு மாற்றிவிடுவாராம். இன்றுவரை மாற்றுகிறார். வீட்டில் நாங்கள் அவளைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டோம். பேசினால் இரண்டு பேரில் ஒருத்தர் உடைந்துவிடுவோம் என்ற பயம்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தவளுக்கு அடித்தட்டில் ஒரு சின்னக் காலுறை கிடைத்தது. ஒன்றுதான், ஜோடி இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பத்து வருடத்தில் முதல் தடவையாகக் குழந்தையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மறுநாள் காலையில் சுண்ணக்கட்டியை எடுத்ததும் கை தானாக அதை எழுதிவிட்டது.

அந்த வரியில் குழந்தை என்ற வார்த்தை இல்லை. யார் யாரை இழந்திருந்தாலும் தங்களுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டார்கள். பெரும்பாலும் காதல் என்று எடுத்துக்கொண்டார்கள். எங்களிடம் ஒரு டிரைவர் உண்டு. சும்மா பார்த்தாலே அடிக்க வருகிற மாதிரி இருக்கும், அதனால் பெயர் 'முறைப்பு'. அவர் அன்று பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். அடுத்த வாரம் பெயின்டரைக் கூட்டி வந்து, தன் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் தகரத்தில், பயணிகள் எல்லாரும் பார்க்கிற மாதிரி, மஞ்சள் எழுத்தில் அதை எழுதி வாங்கினார். அடியில் 'கவிஞர்' என்று என் பட்டம். நான் போய்ப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா வந்திருக்கு" என்றேன்.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். முறைப்பின் கண்டக்டர் ஜன்னலுக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கவிஞரே, இன்னிக்கு ஒரு அம்மா முன் சீட்டுல உக்காந்து உங்க வரியைப் படிச்சாங்க. படிச்சவங்க எறங்க வேண்டிய எடத்துல எறங்கவே இல்ல. கடைசி ஸ்டாப்பு வரைக்கும் வந்துட்டாங்க. 'இது யாரு எழுதினது'ன்னு கேட்டாங்க. 'எங்க டிப்போ கவிஞர்தாம்மா, டைம் ஆபீஸ்ல இருக்காரு'ன்னு சொன்னேன்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்துப் போனேன். "அழுதாங்களா?" என்று கேட்டேன்.

"அழல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தாங்க. எறங்கறப்பதான் பாத்தேன், கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை தொங்குச்சு."

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. அன்று வண்டி நேரங்களை மாற்றி மாற்றி எழுதியிருந்தேன் என்று மேலதிகாரி மறுநாள் சொன்னார்.

வீட்டுக்குப் போனேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்கு எப்பவும் வர்ற பஸ் வரல. வேற பஸ்ல ஏறிட்டேன்," என்றாள். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் கத்தவில்லை.

பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். பேசாமல் இருந்தாள் என்று அர்த்தமில்லை. பால் தீர்ந்துவிட்டது, பல்பு போய்விட்டது, எதிர்முனைக்கு ஆபரேஷன் என்று எல்லாம் சொல்வாள். கை வேலையில் இருக்கும்போது வருமே, அது வரவில்லை. நான் சமையலறைக்குள் போனால் அவள் தோள் இறுகுவது தெரியும். ஒரு நாள் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, "வேணும்னா எழுதிக்கோங்க," என்றாள். ஒருத்தியை அவள் வீட்டிலேயே வாய் திறக்கப் பயப்பட வைத்துவிட்டேன். திருடனுக்குப் பயந்து பூட்டிக்கொள்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். திருடனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியவளைப் பற்றி யோசித்ததில்லை.

இருபது நாள் பொறுத்தேன். பிறகு ஒரு காலையில், வண்டி மாற்றங்களுக்கு அடியில், கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'எட்டு வருடமாக இங்கே எழுதிய எதுவும் என்னுடையதல்ல. எல்லாம் என் மனைவி பேசியவை.'

கேலி செய்வார்கள், நாற்காலியைப் பிடுங்குவார்கள் என்று எதிர்பார்த்து உள்ளே குறுகி உட்கார்ந்திருந்தேன். வெளியே கைதட்டல் கேட்டது.

"பாத்தியா, பொண்டாட்டிக்கு இப்படி ஒரு மரியாதை எவன் குடுப்பான்?" என்றார் ஒருவர். "அடக்கம்னா இதுதான்யா," என்றார் இன்னொருவர். "நெசமாத்தான் சொல்றேன், அவதான் சொன்னா," என்று நான் சொல்லச் சொல்ல அவர்களுக்குக் கண் கலங்கியது. மேலதிகாரி பலகையைப் போட்டோ எடுத்து எல்லார் போனுக்கும் அனுப்பினார். அதுவரை நான் எழுதியதில் அதிகம் பேர் பாராட்டிய வரி அதுதான். அதுதான் என் சொந்த வரியும்.

மறுநாளும் எப்போதும் வரும் பஸ் வராமல் அவள் முறைப்பின் வண்டியில் ஏற, அவருடைய கண்டக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார். யாரென்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, டிக்கெட் கொடுத்துக்கொண்டே, பஸ் முழுக்கக் கேட்கும்படி, "அம்மா, எல்லாம் நீங்க சொன்னதுன்னு எழுதிட்டாரு, சாருக்குப் பெரிய மனசும்மா," என்றிருக்கிறார்.

அன்று மாலை அவள் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மன்னிப்பையும் உங்க பேர்லயே எழுதிக்கிட்டீங்க," என்றாள்.

பையை வாங்கக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை.

"மத்ததெல்லாம் போகட்டும். அந்த ஒண்ணை அழிச்சிட்டு வாங்க. அது அவளுக்கும் எனக்கும் நடுவுல உள்ளது. உங்ககிட்டகூட அன்னிக்கு ஒரு நாள்தான் சொன்னேன்."

அடுத்த நாள் மதியம் வண்டி கழுவுமிடத்தில் முறைப்பு வாளியோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு உண்மை வாயில் வரவில்லை. "அந்த எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கு, அழிச்சிடலாமா?" என்றேன். இத்தனைக்குப் பிறகும் எனக்கு முதலில் வந்தது பொய்தான்.

"எனக்கு நேராத்தான் தெரியுது," என்றார்.

"எழுதினவன் நான் சொல்றேன்ல."

"எழுதினது நீங்க இல்லைன்னு பலகைல போட்டீங்களே, அண்ணே."

அவர் ஒருத்தர்தான் அதை நம்பியிருந்தார் போல. நான் ஈரத் தரையில் படிக்கட்டு மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். காலுறை வரைக்கும். அவர் முறைத்தபடியே கேட்டார்.

"எத்தனை வயசு?" என்றார்.

"ஏழு."

"நான் என்னை விட்டுட்டுப் போனவளை நெனச்சில்ல எழுதி வச்சிருக்கேன்," என்றார். பிறகு, "அந்த அம்மா முன் சீட்டுல உக்காந்திருந்தாங்க. நான் முதுகைக் காட்டிக்கிட்டே கடைசி ஸ்டாப்பு வரைக்கும் ஓட்டியிருக்கேன்," என்றார்.

போய் பம்பருக்கு அடிக்கும் கறுப்புப் பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்து வந்து என் கையில் வைத்தார். "நீங்களே அடிங்க." அடித்தேன். எழுத்து மறைய மறைய என் பட்டமும் மறைந்தது. அதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் வந்ததையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது, ஒன்றுவிடாமல் என்பது நிபந்தனை.

அதற்கப்புறம் பலகையில் வண்டி நேரம் மட்டும்தான். நாற்காலி போடுவது தானாகக் குறைந்தது. ஒரு வாரம் கழித்து அவள் வேண்டுமென்றே அந்த பஸ்ஸில் ஏறிப் பார்த்திருக்கிறாள். "ஒரு தடவை அடிச்சது பத்தல. வெயில் பட்டா உள்ள எழுத்து தெரியுது," என்றாள். நான் போய் இரண்டு தடவை அடித்துவிட்டு வந்தேன்.

அப்போதுதான் இதை எழுதச் சொன்னாள். "பலகைல ரெண்டு வரிக்குத்தான் எடம். அதான் யாரும் நம்பல. முழுசா எழுதுங்க," என்றாள். எழுதலாம் என்று அந்த நான்கையும் அவளே சொன்னாள். நான் போட்ட ஒட்டுகளை எடுத்துவிட்டு, அவள் வாயிலிருந்து வந்தபடியே வைக்கச் சொன்னாள். ஒரு தடவை சொன்னதை அவள் மறு தடவை சொன்னது அப்போதுதான்.

இதுவரை எழுதியதை நேற்று அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு தலையணை உறையில் பொத்தான் தைத்துக்கொண்டே கேட்டாள். இஸ்திரி பற்றிய இடத்தில் லேசாகச் சிரித்தாள். முறைப்பு வந்த இடத்தில் ஊசியை நிறுத்தினாள். முடித்ததும் நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "ஒரு எடத்துல பொய் எழுதியிருக்கீங்க," என்றாள்.

"எங்க?"

"அந்த ஞாயித்துக்கிழமை."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரித் தாளைப் புரட்டினேன்.

"நான் அழறப்ப எந்திரிச்சுப் போனீங்க. தண்ணி எடுக்கத்தான் போறீங்கன்னு நெனச்சேன். தண்ணிக்கு முன்னாடி டிராயர் தெறக்கற சத்தம் கேட்டுச்சு. கைக்குட்டை எடுக்கறீங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன். பஸ்ல அதைப் படிச்சப்பதான் அந்தச் சத்தம் ஞாபகம் வந்துச்சு."

எங்கள் சமையலறை மேசை டிராயர் இழுத்தால் கிறீச்சிடும். மெழுகுவத்தி, தீப்பெட்டி, பழைய பில் எல்லாம் அதில்தான் கிடக்கும். என் பென்சிலும் அதில்தான் கிடக்கும். இப்போது திருத்தி எழுதுகிறேன். என் மனைவி எங்கள் குழந்தையின் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் எழுந்து போனது பென்சில் எடுக்க. அவள் சொன்னது மறந்துவிடக் கூடாதென்று நின்றபடியே பழைய பில்லின் பின்பக்கம் எழுதினேன். எழுதி முடித்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். எழுந்து வந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று அதற்கப்புறம்தான் தண்ணீர் பிடித்தேன்.